வழக்கம்போல

ஆறாம் பத்தியில் நான்தான் எழுதியிருந்தேன்:
பிறகு வழக்கம்போல தரவுத்தளத்தைத் தயார் செய்யவும்.

பாயான் லெப்பாஸ், மூன்றாம் மாடி,
செவ்வாய்க்கிழமை, மணி நாலே கால்.
கீழே தொழிற்சாலைப் பேருந்துகள்
அடுத்த ஷிப்ட்டை இறக்கிக்கொண்டிருந்தன.
ஏஜென்ட் என் ஆவணத்தைப் படித்தது,
மேலிருந்து கீழ்வரை, ஒரு சொல் விடாமல்.
இந்த அலுவலகத்தில் எனக்கு யாரும் செய்யாத மரியாதை.

வழக்கம்போல என்ற இடத்துக்கு வந்தது.
அதற்கு வழக்கம் இல்லை.
நேற்று என்று ஒன்று இல்லை.
"ஐயோ அது இல்லை, இது" என்று
சியூ லிங் என் கையைத் தட்டிவிட்ட மத்தியானம்
அதற்கு நடக்கவே இல்லை.
ஆகவே தேடியது.
பழைய கோப்பு ஒன்றில் ஒரு கட்டளை கிடைத்தது,
பக்கத்தில் யாரோ எழுதிய குறிப்போடு:
முதலில் இதை ஓட்டினால் சுத்தமாக இருக்கும்.

ஓட்டியது.
சுத்தமாகத்தான் இருந்தது.

பதினோரு நாள் சோதனைத் தரவு.
ஹஃபிசுதீன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
"சொன்னதைத்தானே செஞ்சிருக்கு" என்றார்.
நடந்ததை விளக்கி அது எழுதிய மூன்று வரிகளில்
என் வாக்கியம் மேற்கோளாக இருந்தது,
எழுத்துப் பிழையோடு.

இரவு சுங்கை நிபோங்கில், மாமாக் கடையில்
மடிக்கணினியைத் திறந்தேன்.
காதர் மைதீன் கேட்காமலே
தே ஓ ஐஸ் கொண்டுவந்து வைத்தார், சீனி குறைவாக.
அவருக்கு என்னைத் தெரிய நாலு வருஷம் ஆனது.
இதற்கு நான் தருவது நாலு பக்கம்.

அடிக்கத் தொடங்கினேன்.
'தேவைப்பட்டால்': யாருக்கு? அடி.
'எளிதாக': பொய். அடி.
'செய்யலாம்': நம்மிடையே அது கட்டளை,
வெளியாளுக்கு அது விருப்பம். அடி.
ஆவணம் என்னவோ ஆங்கிலத்தில்தான்,
ஆனால் நான் விழுங்கியதெல்லாம் தமிழில்.
'பார்த்துச் செய்' என்று இரண்டே சொல்லில்
எங்கள் வீட்டில் மூன்று கல்யாணம் நடந்திருக்கிறது.
எதைப் பார்ப்பது, எதைச் செய்வது என்று
ஒருவரும் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படி எழுதினேன்:

இந்தக் கட்டளை அட்டவணைகளை உருவாக்கும்.
ஏற்கெனவே இருந்தால் தொடாது.
இரண்டு முறை ஓட்டினாலும் கெடாது.

அடுத்தது அழிக்கும். திரும்ப வராது.
முகவரி இந்தக் கணினியுடையதா என்று முதலில் பார்.
இல்லையென்றால் நில்.
மனிதர் ஒருவர் பெயர் போட்டு அனுமதிக்காமல் ஓட்டாதே.

முடிந்தபின் பதினான்கு அட்டவணைகள் தெரிய வேண்டும்.
பதின்மூன்று என்றால் முடியவில்லை என்று பொருள்.
ஊகிக்காதே.
நிறுத்து. கண்ணில் பட்டதை எழுது.

எழுதியபின் ஒரு கணம் உறுத்தியது.
இவ்வளவு வெளிப்படையாக
நான் எந்த மனிதரிடமும் பேசியதில்லை.
ஐஸ் கரைந்து தே ஓ வெளுத்துவிட்டது.
அதையும் குடித்தேன்.

புதன்கிழமை பாலத்தில் மழை,
பட்டர்வொர்த் பக்கம் ஏதோ விபத்து, கார்கள் நகரவில்லை.
கைப்பேசியில் அறிக்கை வந்தது.
ஒன்று முதல் ஆறு வரை சரி.
பதினான்கு அட்டவணைகள்.
ஏழாம் படி: கடவுச்சொல் எங்கே இருக்கிறது என்று
ஆவணத்தில் இல்லை.
ஊகிக்கவில்லை. நிறுத்திவிட்டேன்.

'ஊகிக்கவில்லை' என்பதை
வைப்பர் இரண்டு முறை போய்வரும் வரை பார்த்தேன்.
பின்னால் யாரோ ஹாரன் அடித்தார், காரணமில்லாமல்.

கடவுச்சொல் எங்கே என்று எனக்கும் தெரியவில்லை.
தெரிந்தவள் ஒருத்திதான்,
போன சித்திரையில் வேலையை விட்டு சிங்கப்பூர் போய்விட்டாள்.
வாட்சப்பில் கேட்டேன்:
சியூ லிங், ஏழாம் படிக்குச் சரியான இடம் சொல்,
முழுசாகச் சொல், எனக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துச் சொல்.

ஜெலுத்தோங் தாண்டும்போது பதில் வந்தது,
சிரிக்கும் முகம் ஒன்றோடு:
ஏய், வழக்கமான இடத்தில்தான் லா.